நனைந்த கோப்புகளும் நிருபர்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சோவியத் யூனியன் உடைந்தபின் முளைத்த ஆலிகார்க்குகள், அதாவது ஆட்சியாளர்களோடு ஒட்டி வளர்ந்த பெரும் பணக்காரர்கள், பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உல்லாசக் கப்பல், கால்பந்து அணி, லண்டன் மாளிகை எல்லாம் இருந்தன. அதையெல்லாம் தோண்டி எடுத்த நிருபர்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு பத்தி. முப்பது வருடம் கணக்குத் தணிக்கையில் உட்கார்ந்தவன் நான். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பத்திதான்.

அந்தப் பத்தி தொட்ட கதை இது: உக்ரைன் அதிபராக இருந்த யானுகோவிச், தலைநகர் கீவுக்கு வடக்கே மெஜிஹிர்யா என்ற மாளிகை வளாகத்தில் குடியிருந்தார். ஏறக்குறைய 140 ஹெக்டேர், முன்பு அரசுச் சொத்து. தன்னுடையது அதில் ஒரு வீடும் கொஞ்சம் நிலமும்தான் என்று சாதித்தார். பெரும்பகுதி டான்டலிட் என்ற நிறுவனத்தின் பெயரில் இருந்தது. 2014 பிப்ரவரியில், மக்கள் போராட்டம் முற்றி அவர் ஓடியபோது, கணக்குக் கோப்புகளைப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் வீசிவிட்டார்கள். முக்குளிப்போர் இறங்கிச் சுமார் 200 கோப்புகளை மீட்டார்கள்.

நனைந்த வவுச்சரைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்: அவசரப்பட்டுப் பிரித்தால் கிழியும், அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் நிருபர்கள் அங்கே கூடி, முதலில் காயவைப்போம், செய்தி அப்புறம் என்று முடிவு செய்தார்கள். மாளிகையின் சானா எனும் சூட்டுக் குளியல் அறையில்கூடத் தாள்கள் காய்ந்தன. பிறகு ஸ்கேன் செய்து, யானுகோவிச்லீக்ஸ் என்ற தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். தனக்கு மட்டும் கிடைத்த செய்தி என்று யாரும் பதுக்கவில்லை. நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்டுக்கொண்டேன், சரி, அதை விடுங்கள்.

கோப்புகள் இப்படிக் கிடைத்ததைக் கட்டுரையாளர் 'அதிர்ஷ்டம்' என்கிறார். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. டான்டலிட் என்ற பெயரையும் அதன் பின்னாலிருந்த வெளிநாட்டு நிறுவனங்களையும் 'உக்ரைன்ஸ்கா பிராவ்தா' என்ற இணையப் பத்திரிகையின் நிருபர்கள் பல வருடங்களாகத் துரத்திவந்தார்கள். நிருபர் தெத்தியானா சோர்னோவோல் 2012லேயே மெஜிஹிர்யா வேலி ஏறிக் குதித்துப் படமெடுத்தவர். 2013 டிசம்பரில் அவரை அடித்துப் போட்டார்கள். அவரை வேவு பார்த்த குறிப்புகளும் நனைந்த தாள்களுக்குள் இருந்தன. எந்தப் பெயரைத் தேடுவது என்று தெரியாதவன் கையில் அந்தக் கோப்புகள் வெறும் ஈரக் காகிதம்தான்.

'உக்ரைன்ஸ்கா பிராவ்தா'வைத் தொடங்கிய நிருபர் கொங்காத்ஸே 2000 செப்டம்பரில் காணாமல் போனார். தலையில்லாத உடல் காட்டில் கிடைத்தது. அந்தக் கொலைக்காக 2013ல் ஒரு முன்னாள் போலீஸ் ஜெனரலுக்கு ஆயுள் தண்டனை. ஏவியவர்கள் யார் என்பது மட்டும் தீர்ப்பாகவில்லை. கட்டுரையில் கொங்காத்ஸே பெயர்கூட இல்லை. அடுத்த இதழிலாவது அவரைப் பற்றி இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

— ஓய்வுபெற்ற தணிக்கையாளர், தஞ்சாவூர்