நத்தைக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை மக்களுக்கு வணக்கம்.

எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள் வைத்த நத்தைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. “நத்தையைப் பார்க்க எவன் வருவான்?” என்று கேட்டவர்களே கடைசியில் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

மலைக்காட்டில் எடுத்த படங்களைக் காசு வாங்காமல் கொடுத்த ஆய்வு மாணவிக்குத்தான் முதல் நன்றி. நடுச்சுவரில் தொங்கிய அந்தச் செக்கச் சிவந்த நத்தையின் அறிவியல் பெயர் இண்ட்ரெல்லா ஆம்புல்லா. முதுகில் மெல்லிய ஓடு உண்டு, ஆனால் உடம்பு முழுவதும் அதற்குள் அடங்காது. மஞ்சள் நிறத்திலும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதன் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் குழுவில், வேறு இனமும் இல்லை.

அந்த மலைத்தொடரில் சுமார் 270 வகை நில நத்தைகள் இருக்கின்றன, அவற்றில் நான்கில் மூன்று பங்கு அங்கு மட்டுமே வாழ்பவை என்று அந்த மாணவி சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் நம் நாட்டு நில நத்தைகளில் பெரும்பாலானவற்றை, அழியும் நிலையில் உள்ளனவா, இல்லையா என்று யாரும் மதிப்பிட்டதே இல்லை. அயர்லாந்தில் கெர்ரி நத்தை என்று ஓடில்லாத ஒன்று இருக்கிறது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிட நெறிமுறை என்ற சட்டமே காவல். நம்மூரில் புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளி நத்தைக்கும் வந்தால் போதும் என்பது என் ஆசை.

சிவப்பு நத்தையை 1850இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் பென்சன் என்ற பிரிட்டிஷ் இந்திய அரசு அதிகாரி. அதே மனிதர்தான் 1847இல் ஆப்பிரிக்கப் பெருநத்தையை மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நம் பப்பாளிக் கன்றுகளை மொட்டையடிக்கிறதே, அதேதான்! மழைக்கு நம் குளியலறைச் சுவரில் ஏறும் கறுப்பு நத்தையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததுதான்.

கருவாட்டுக்கடை அக்காவுக்கு இரட்டை நன்றி. மேசைக்குப் பதிலாக மீன் பெட்டிகளைக் கழுவிக் கொடுத்தார். அப்புறம், நத்தை மேல் உப்பு போட்டால் ஏன் சாகிறது என்று ஒரு வாண்டு கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: “உப்பு தண்ணியை இழுத்துடும் கண்ணு. மீனுக்குப் போட்டா கருவாடு, இதுக்குப் போட்டா சாவு.” என்னால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

ஈரம் போனால் உயிர் போகும் பிராணி என்பதால் வெயிலடிக்கும் வெட்டவெளியைக் கடப்பது அதற்குப் பெரும்பாடு. காட்டுக்கு நடுவே தேயிலைத் தோட்டங்கள் வந்தால் இந்தப் பக்கத்து நத்தை இங்கேயே, அந்தப் பக்கத்தது அங்கேயே. இதை வரைபடத்தில் காட்டியபோது, எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்துக்கொண்டிருந்த டீக்கடை அண்ணன், “அப்போ என் டீத்தூளும் குற்றவாளியா சார்?” என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அண்ணே, டீ அருமை.

பிளெக்ஸ் அடித்த தம்பிக்கும், கரண்ட் போனபோது எமர்ஜென்சி விளக்கோடு ஓடிவந்த எதிர்வீட்டு அம்மாவுக்கும், ஆட்டோ அண்ணன்களுக்கும் நன்றி.

படங்கள் படிப்பகத்தில்தான் இருக்கின்றன. பள்ளிகள் கேட்டால் தருவோம். ஓர் இரும்பு ஏணியும் ஒரு எவர்சில்வர் தூக்கும் எங்களிடம் தங்கிவிட்டன. உரியவர்கள் ஆறு மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாலை வகுப்பு ஆசிரியர்