கசகசா வேண்டாம், கருவாடு சரி: வளைகுடாவுக்கு வழியனுப்பும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சித்தி, பெரியம்மா, அத்தை, மாமா, மச்சான், பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும்,

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்த வளைகுடாக் குடும்பங்கள் ஆகஸ்ட் கடைசியில் பெட்டி கட்டும். திருச்சிக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெட்டியை எடை பார்த்து, பூட்டி, கூடத்தில் வரிசையாக நிறுத்திய பிறகுதான் ஒவ்வொருவராக வருவீர்கள். ஒருவர் கையில் எவர்சில்வர் தூக்கு, ஒருவர் கையில் நல்லெண்ணெய் பாட்டில், இன்னொருவர் கையில் நாலு பக்கமும் ஊசிநூலால் தைத்த துணிப் பொட்டலம். "இது ஒண்ணும் கனமில்லம்மா, ஓரமா வச்சுக்க" என்பீர்கள். அந்த ஓரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் எடை. எங்களுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு 30 கிலோ, கையில் 7 கிலோ. நாலு பேர் என்றால் 120 கிலோ ஆயிற்றே, இன்னும் என்ன என்று மாமா கணக்குப் போடுவார். பிள்ளைகளின் துணிமணி, எங்கள் துணிமணி, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவைகள், அங்கே கூட வேலை செய்பவர்களுக்கு வாங்கிய பலகாரம், இதிலேயே பாதி போய்விடும். இன்னொன்று, மொத்தத்தில் இடம் இருந்தாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் திணிக்க முடியாது. அதைத் தூக்கிப் போடுவது ஒரு மனிதன், அவன் முதுகுக்காக வைத்த வரம்பு அது. நியாயமான விதி என்றே நான் சொல்வேன். அதிக எடைக்கு கிலோ கணக்கில் கேட்கும் பணத்தை நினைத்தால் உள்ளே இருக்கும் அரிசியின் விலை ஒன்றுமே இல்லை.

அரிசி என்றதும் சொல்லிவிடுகிறேன். அரிசி, பருப்பு, புளி தயவுசெய்து வேண்டாம். ஷார்ஜாவில் ரோலா பக்கமோ துபாயில் கராமா பக்கமோ போனால் இட்லி அரிசியிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கிறது. லூலூ சூப்பர் மார்க்கெட்டில் நம் ஊர் சாம்பார்ப் பொடி பாக்கெட்டுகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தக் கடையிலும் கிடைக்காதது நீங்கள் வெயிலில் உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம், மோர்மிளகாய், வீட்டில் இடித்த பருப்புப்பொடி. இருக்கிற எடையை இவற்றுக்கு விடுங்கள். கருவாடும் சரி. நன்றாகக் காய்ந்தது, இரண்டு மூன்று பாலிதீன் உறை, வெளியே மூடி போட்ட டப்பா, அதன் மேல் டேப். அத்தனையும் சுற்றினால்தான் பட்டுப்புடவை பிழைக்கும்.

அடுத்தது கசகசா. இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நமக்கு அது குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைத்துவிடுகிற சாமான். நாங்கள் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். அபின் எடுக்கும் அதே செடியின் விதைதான் கசகசா, விதையின் மேல் அந்தச் செடிப் பாலின் மிச்சம் ஒட்டியிருக்கலாம் என்பதால் போதைப்பொருள் சட்டம் அதைத் தொடுகிறது. சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். 'ஐம்பது கிராம்தானே' என்ற பேச்சு அங்கே எடுபடாது. விமானம் இறங்கி, தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, பெட்டியைத் திறக்கச் சொல்லும் அதிகாரியிடம் குருமாவைப் பற்றி எந்த மொழியில் விளக்குவது?

பாக்கெட்டாக வரும் கசகசாவை நாங்களே பார்த்து எடுத்து வைத்துவிடுவோம். பயம் வேறு இடத்தில். நீங்கள் பக்குவமாக வறுத்து அரைத்துத் தருகிற கறிமசாலாப் பொடியில் அது கலந்திருக்கும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வெளிநாட்டுக்கு அரைக்கிற பொடியில் அதை விட்டுவிடுங்கள். குழம்பு கெட்டிப்படத்தானே? அங்கே போய் முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து ஊற்றிக்கொள்கிறோம். வெற்றிலையும் அப்படித்தான், துபாய் சுங்கத்துறையின் தடைப் பட்டியலில் பானும் வெற்றிலையும் இருக்கின்றன. தாம்பூலப் பையில் மஞ்சள், குங்குமம் மட்டும் போதும், பெரியம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொப்பரையும் கற்பூரமும் வேறு வகை. இவற்றை மறுப்பது விமானம்தான், சுங்கத்துக்கு இதில் வேலையில்லை. கற்பூரம் தீப்பற்றும் பொருள், அது சொல்லாமலே புரியும். ஆனால் கொப்பரையை ஏன் எடுத்து வைக்கிறார்கள் என்று பலருக்கும் ஆச்சரியம். எண்ணெய்ச் சத்து நிறைந்த உலர்ந்த தேங்காய், காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறக்கூடியது. அடைத்த இடத்தில் அந்தச் சூடு வெளியேறாமல் தேங்கினால் தீப்பிடிக்கலாம். அதனால்தான் உலகம் முழுக்க ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதற்கு 1363 என்று தனி எண்ணே கொடுத்து வைத்திருக்கிறார்கள். தோப்பிலிருந்து பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கொப்பரையை ஒரு காவலர் குப்பைத்தொட்டியில் போடுவதைப் பார்க்க வேண்டிய கொடுமை எங்களுக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெயாக ஆட்டிக் கொடுங்கள்.

எண்ணெய் என்றால் ஒரு செய்முறை உண்டு. விமானம் மேலே போனதும் உள்ளே காற்றழுத்தம் குறையும், பெட்டிகள் கிடக்கும் சரக்கு அறையிலும் அப்படித்தான். கிட்டத்தட்ட ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு. கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளுமே, அதேதான். எட்டாயிரம் அடிக்குச் சமமான அழுத்தத்தில், பாட்டிலுக்குள் மாட்டிய காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும், மூடி இடுக்கு வழியாக எண்ணெயைத் தள்ளும். பிளாஸ்டிக் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயில் ஒரு பாலிதீன் துண்டு வைத்து, அப்புறம் மூடியைத் திருகி, மேலே டேப் ஒட்டினால் ஒரு சொட்டு கசியாது. எவர்சில்வர் தூக்கு இதற்கு ஆகவே ஆகாது, அத்தை.

நெய்யும் ஊறுகாயும் கைப்பையில் வராது. உறைந்த நெய் என்றாலும் சோதனை செய்பவர்களுக்குத் திரவக் கணக்குதான், ஒரு டப்பா 100 மில்லியைத் தாண்டக் கூடாது. 2006இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகு வந்த கெடுபிடி இது. மச்சான் அன்பளிப்பாகத் தருகிற பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், அது கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டிக்குள் கடைசி நேரத்தில் செருகிவிடாதீர்கள், பூட்டிய பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இப்போது அந்தத் தைத்த பொட்டலம்.

தெருக்கோடி அக்காவின் மகன் அங்கே ஒரு அறையில் ஆறேழு பேரோடு இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவனுக்கு விடுப்பும் டிக்கெட்டும். அம்மா கொடுத்துவிடுகிற அதிரசம் அவனுக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அவனுக்காக என் பெட்டியில் இரண்டு கிலோ ஒதுக்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தேவைப்பட்டால் என் பிள்ளைகளின் பொம்மையை எடுத்து வைத்துவிட்டு அதைக் கொண்டுபோவேன். ஆனால் தைத்ததை வாங்க மாட்டேன். பெட்டியைக் கொடுக்கும் இடத்தில் கேட்கிற கேள்வி, 'நீங்களே கட்டிய பெட்டியா, வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா' என்பதுதான். என் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் என்ன இருந்தாலும் அது என்னுடையதுதான். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பெரும்பாலும் கெட்ட எண்ணமே இருக்காது, ஒரு மாத்திரை அட்டைதான் இருக்கும்.

அந்த மாத்திரையில்தான் சிக்கல். முதுகுவலிக்கு இங்கே எழுதித்தருகிற டிரமடால், இருமல் மருந்தில் இருக்கும் கோடீன் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் சீட்டோடு அங்குள்ள அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் சாப்பிடுகிறவர் பெயரில். இன்னொருவருடைய மாத்திரையை நான் எப்படி எனது என்று சொல்வது? நாட்டு மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தருகிற சூரணம், லேகியம், பெயர் ஒட்டாத பொடி எதுவானாலும் கேள்வி வரும். திறந்து காட்டிக் கொடுங்கள், நானே உங்கள் முன்னால் கட்டிக்கொள்கிறேன். அக்கா சங்கடப்பட்டால் நீங்கள் ஒரு வார்த்தை பக்குவமாகச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் 'துபாய்க்குப் போனதும் மாறிட்டா' என்று ஆகிவிடுகிறது.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போகலாமே" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் ஜூலை, ஆகஸ்ட்தான் விடுமுறை. எல்லாப் பள்ளியும் ஆகஸ்ட் கடைசியில் ஒரே சமயத்தில் திறக்கும். எல்லாக் குடும்பமும் அதே சில நாளில் திரும்பும். போதாததற்கு, இந்தியாவும் அமீரகமும் போட்ட விமான ஒப்பந்தத்தில் திருச்சி இல்லாததால் அந்த நாட்டு விமானங்கள் இங்கே இறங்க முடியாது. 2024இல் புதிய முனையம் மட்டும் அழகாகத் திறந்துவிட்டார்கள்! இருக்கிற இருக்கைகளுக்கு அடிதடி, விலை ஏறாமல் என்ன செய்யும்? நாலு நாள் தள்ளினால் நாலு டிக்கெட்டின் விலையும் எகிறும்.

ராகுகாலத்துக்கு வருகிறேன். கிளம்பும் நேரம் சரியில்லை என்று ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பது இனி வேண்டாம். பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து திருச்சிக்கு எப்படியும் இரண்டரை மணி நேரம். விமானம் புறப்பட ஒரு மணி நேரமாவது இருக்கும்போதே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னாடியே நாங்கள் அங்கே இருக்க வேண்டும். இதற்கு நம் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்களே. காலையில் நல்ல நேரம் பார்த்து பயணம் தொடங்கியதற்கு அடையாளமாக ஒரு பையைச் சித்தி வீட்டில் பரஸ்தானம் வைத்துவிடலாம். அப்புறம் எந்த நேரத்தில் வண்டி கிளம்பினால் என்ன?

வண்டியில் எல்லோரும் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், உங்களால் அதற்கு மேல் வர முடியாது. அதனால் தாத்தாவுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், பிள்ளைகளுக்குத் திருநீறு பூச வேண்டும் என்றால் வண்டியை விட்டு இறங்கியதும் செய்துவிடுங்கள். வாசலில் வரிசை நகரத் தொடங்கிய பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டால் சின்னவன் திரும்பி ஓடி வந்துவிடுகிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். சாமான், எடை, யாருக்கு என்று மூன்றும் இருந்தால் போதும். மளிகைக்கடை அண்ணாச்சியின் தராசில் வைத்து எடுத்துவந்தால் இன்னும் நல்லது. கிளம்பும் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிடுவேன். ஏழு மணிக்குத் தூக்கோடு வந்தால் காபி உண்டு, பெட்டியில் இடம் இல்லை.

இப்படிக்கு,
ஷார்ஜாவுக்குப் போகும்
உங்கள் வீட்டு மருமகள்