சாக்கட்டியால் அம்புக்குறி போட்ட தையற்கடை பாய்க்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரியில் செய்துவிட்டுப் போனதை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் என் வீட்டு வாசலிலேயே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள். 22 ஆண்டுகளாக வரைந்தவற்றில் 31 ஓவியங்கள் பிழைத்திருக்கின்றன என்று இன்று காலைதான் எண்ணி முடித்தேன். ஓவியக்கூடத்தில் இன்னும் ஈரவாடை போகவில்லை. அதற்குள்ளாகவே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் பாய், தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தண்ணீர் வடிந்த மறுநாள், தம் தையல் இயந்திரத்தின் மோட்டாரிலேயே சேறு அப்பிக் கிடந்த நிலையில், நான் ஓவியங்களை மொட்டைமாடி வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டு அவர் ஓடிவந்தார். “வெயில்ல போடாதீங்கம்மா. நனைஞ்ச துணி சட்டுனு காஞ்சா இழுத்துக்கும். மேல இருக்கிற பெயிண்ட் எங்கம்மா போகும்?” என்றார். பின்பக்கம் நனைந்த கான்வாஸ் சுருங்கும்போது, காய்ந்து இறுகிய தைல வண்ணம் அதனோடு சேர்ந்து சுருங்க முடியாமல் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்கு அதில் ஒரு சொல்கூட என் நினைவில் இல்லை. கடைப் பரணில் நனையாமல் தப்பியிருந்த லைனிங் துணி முழுவதையும் அவர் கொண்டுவந்து, மாடி வீட்டுக் கூடத்தில் ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஒவ்வொரு கான்வாஸின் முதுகிலும் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார்.

பின்பக்கம் ஒட்டியிருந்த தாள்கள் கரைந்துபோனதில் 13 ஓவியங்களுக்கு மேல் எது, கீழ் எது என்ற அடையாளமே இல்லை. நான் கீழே சேற்றை அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் நான்கு அடி தள்ளி நின்று பார்த்து, ஒருமுறை திருப்பி, மறுபடி பார்த்து, பின்சட்டத்தில் தையல் சாக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டுச் சுவரில் சாய்த்திருக்கிறார். மாலையில் மேலே போய்ப் பார்த்தால், ஒன்றைத் தவிர அத்தனையும் சரியாக நின்றன. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “கனம் எந்தப் பக்கம்னு பார்த்தாலே தெரியுதேம்மா” என்றார்.

காந்தி நூற்றாண்டான 1969-இல் நூறு காந்தி கோட்டோவியங்களை வரைந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம், பிற்காலத்தில் உருவங்களை விட்டு விலகி, நிலவெளி கரைந்து வண்ணமாகவே நிற்கும் பரப்புகளுக்குப் போனார். கல்லூரி நாள்களில் அந்தப் பரப்புகளின் முன்னால் நின்றுதான் என் வழி எனக்குத் தெரிந்தது. அன்று முதல் என் அரூப ஓவியங்களின் முன் நிற்பவர்கள் எல்லோரும் இது என்ன என்றே கேட்டிருக்கிறார்கள். நானும் பதில் சொல்லிச் சொல்லி, அப்படிக் கேட்பதுதான் பார்ப்பது என்று நம்பிவிட்டிருந்தேன். வண்ணத்தின் எடையைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்க்கும் ஒருவர் ஐம்பது அடி தூரத்தில் இருந்ததை, அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்த இத்தனை ஆண்டுகளில் நான் அறியாமல் போனேன்.

1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் மெழுகிட்டுச் சாயமேற்றிய பாடிக் துணி விற்ற பணத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திலிருந்து சட்டங்களோடு வந்த நண்பர்கள், மூன்று நாள் சோறு போட்ட மாடி வீட்டு அக்கா, குட்டியானை வண்டிக்கு வாடகை வாங்க மறுத்த தம்பி, கவின்கலைக் கல்லூரி மாணவர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள் என உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. இந்த 31-இல் முதலில் விற்கும் ஓவியத்தின் பணத்தில் பாயின் கடைக்குப் புது இயந்திரம் வரும். வேண்டாம் என்று அவர் இரண்டு முறை சொல்லிவிட்டார், நான் விடுவதாக இல்லை.

பாய் தலைகீழாகச் சாய்த்திருந்த அந்த ஒரே ஓவியம் 2016-இல் வரைந்தது. நீலத்தின் தலைமேல் செம்மண் நிறம் கனத்துத் தொங்க வேண்டும், பார்ப்பவருக்கு மூச்சு முட்ட வேண்டும் என்று வரைந்தேன். பாய் அந்தச் செம்மண்ணைக் கீழே இறக்கி, நீலத்தை அதன்மேல் நிறுத்தியிருந்தார். இந்த டிசம்பருக்குப் பிறகு அதைத் திரும்பக் கவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அவர் வைத்தபடியே மாட்டியிருக்கிறேன். பின்னால் உள்ள சாக்கட்டி அம்புக்குறி அழியாதிருக்க அதன்மேல் பிக்ஸேட்டிவ் என்ற காப்புப் பூச்சு அடித்திருக்கிறேன்.