அதை இன்னொரு தடவை படிங்க

கோத்தகிரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கரண்ட் இல்லை, எனக்கு முழங்கால் வலி வேறு. இப்போது பரவாயில்லை.

ஓட்டுப் போடுவதைத் தவிர நமக்கு ஆட்சியில் என்ன பங்கு இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்குப் போய் வந்த பிறகுதான் எழுத விஷயம் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்குக் கீழே லைன் வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். தேயிலை பறிக்கிறவர். எழுபதுகளில் சின்னப் பிள்ளையாக இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்திறங்கியவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் அவருடைய பெற்றோரைப் போன்ற லட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மூட்டை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணியிருக்கிறார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் திண்ணையில் எழுதப் படிக்கக் கற்கிறார். விரல் நுனியெல்லாம் இலைக்கறை ஏறிக் கறுத்திருக்கும். பென்சிலை உளி மாதிரி இறுக்கிப் பிடிப்பார். 'ழ' சுழிக்க வர ஒரு மாதம் ஆயிற்று.

கிராம சபையில் செயலர் வரவு செலவை மடமடவென்று வாசித்துக்கொண்டே போனார். குடிநீர்க் குழாய் பழுது பார்த்த செலவு என்று ஒரு வரி வந்தது. "சார், அதை இன்னொரு தடவை படிங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இந்த அம்மாதான். செயலர் திரும்பப் படித்தார்.

"எந்தக் குழாய் சார்? எங்க லைன்ல மூணு மாசமா தண்ணி வரல. ஓடையிலதான் மோந்துட்டு வர்றோம்."

பதில் இல்லை. கூட்டமே அமைதியாகிவிட்டது. அப்புறம் தீர்மானப் புத்தகம் வந்தபோது ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை. மேலே எழுதியிருந்ததை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். குழாய் விஷயம் அதில் இல்லை. "எழுதுங்க, அப்புறம் போடறேன்" என்றார். எழுதினார்கள். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

முப்பது வருடம் பாடம் நடத்தினேன். படித்தால் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தான் பிள்ளைகளை அனுப்பினேன். நீட்டிய காகிதத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஒரு வகுப்பிலாவது சொன்னேனா என்று யோசிக்கிறேன்.

கல்லூரி நாட்களில் உத்திரமேரூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? சோழ மன்னன் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள். கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக் கூடாது என்ற விதியை நீதான் சத்தமாகப் படித்தாய். ஆயிரம் வருடத்துக்கு முன்பே எவ்வளவு தெளிவு! ஆனால் ஓலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த அம்மாவின் பேருக்கு ஓலையே கிடையாது. 1992-இல் 73-ஆவது திருத்தம் கிராம சபையை அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று ஆயிற்று. நீ கேட்ட பங்கு இதுதான் என்று எனக்குப் படுகிறது. அது சும்மா கிடைப்பதுமில்லை. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அரை நாள் போனால் போனதுதான். அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும் என்று சொன்னேன். மனுவை அவரே எழுதுகிறார், நான் பிழை மட்டும் பார்க்கிறேன். ஒட்டுவதற்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் இங்கே தீர்ந்துவிட்டதாம். தீபாவளி முடிந்து நீ வரும்போது நாலைந்து வாங்கி வா. ஸ்வெட்டரை மறந்துவிடாதே, குளிர் இப்போதே தொடங்கிவிட்டது.

உன் பழைய அறைத்தோழன்