வீக்கம் வேறு, பெருக்கம் வேறு, புற்று வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய ஆள் நான். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் பேப்பரைக் கையில் எடுத்தால் சிவப்புப் பேனாவும் கூடவே வந்துவிடுகிறது. சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த ‘புராஸ்டேட் வீக்கம்: ஆண்களே உஷார்!’ கட்டுரையையும் அப்படித்தான் படித்தேன். ஒற்றுப்பிழை மூன்று, அதை விடுங்கள். ‘வீக்கம்’ என்ற ஒரே சொல்லைக் கட்டுரையாளர் மூன்று தனித்தனி நோய்களுக்குப் போட்டிருக்கிறார். முதல் பத்தியில் அது வயதானால் வருவது, நடுவில் கிருமியால் வருவது, முடிவில் ‘கவனிக்காமல் விட்டால் புற்றாக மாறுவது’. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே மாதிரி ஒரு வரியை நம்பி என் வீட்டில் ஆறு வாரம் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

‘அவருக்குப் புராஸ்டேட்டாம்’ என்று நோயின் பெயரைப் போலவே நாம் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆணாகப் பிறந்த அத்தனை பேருக்கும் புராஸ்டேட் உண்டு. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி; இளவயதில் 20 கிராம் சுமார் இருக்கும். விந்தில் சேரும் நீரில் ஒரு பங்கைச் சுரப்பது அதன் வேலை. குழாயைச் சுற்றி இருப்பதால்தான் அது பருத்தால் வழி நெருங்குகிறது.

வீக்கம் என்ற சொல் கிருமி தொற்றி வரும் அழற்சிக்குத்தான் சரியாகப் பொருந்தும். என் அக்கா மகனுக்கு முப்பத்தாறு வயதில் வந்தது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் போகும்போது உயிர் போகிற எரிச்சல், உட்கார முடியாத வலி. ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் சாப்பிட்டுத் தேறினான். கிருமி எதுவும் தென்படாமலே மாதக்கணக்கில் அடிவயிற்று வலி இழுத்துக்கொண்டு போகும் வகையும் உண்டு.

வயதில் வருவது பெருக்கம். சுரப்பியின் உட்பகுதியில், குழாயை ஒட்டி, திசு மெல்ல மெல்லக் கூடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அறுபது வயதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கும் அது இருக்கும். அத்தனை பேருக்கும் தொந்தரவு இருக்காது. புற்று பெரும்பாலும் வெளிப்பகுதியில், குழாயை விட்டுத் தள்ளித் தொடங்குகிறது. ஆரம்பத்தில் சிறுநீரில் எந்தத் தடையும் தெரியாமலே இருக்கக்கூடும். ஒரே சுரப்பியில் இரண்டும் இருக்கலாம். ஆனால் பெருக்கம் புற்றாக மாறுவதில்லை.

இனி என் கதை. இரவில் நான்கு தடவை எழுந்திருப்பேன். நின்றுகொண்டே இருப்பேன், தொடங்காது. தொடங்கினால் நூல் போல வரும், நிற்கும், மறுபடி வரும். முடிந்தது என்று திரும்பினால் நாலு சொட்டு துணியில். “என்னங்க, டாக்டரைத்தான் போய்ப் பாருங்களேன்” என்று மனைவி இரண்டு வருடம் சொன்னாள். “வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்” என்று இரண்டு வருடம் பதில் சொன்னேன். வெட்கம்தான், வேறென்ன. மாற்றாகத் தண்ணீரைக் குறைத்தேன். நீர் சுண்டி எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

ஒரு நாள் கடும் ஜலதோஷம். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்தேன். நடு இரவில் முட்டிக்கொண்டு எழுந்தால் ஒரு சொட்டு வரவில்லை. அந்த மாத்திரையில் இருந்த சூடோஎஃபெட்ரின், மூக்கின் ரத்தக் குழாயைச் சுருக்குவது போலவே சிறுநீர்ப்பையின் கழுத்தையும் இறுக்கும் என்பதும், கூடச் சேர்த்திருந்த அலர்ஜி மருந்து பையின் தசையைச் சோரவைக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. விடியும்வரை குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். அவசரப் பிரிவில் டியூப் போட்டார்கள். பக்கத்தில் தொங்கிய பையில் கோடு போட்டு அளவு அச்சிட்டிருந்தது. பழக்கதோஷம், நானே படித்தேன். 1,100 மில்லி. சாதாரணமாக 400, 500 ஆனாலே முட்டும்.

அன்றைக்கே, ரத்தம் எடுத்த கையோடு, பணியிலிருந்த இளம் மருத்துவர் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிவிட்டார். முடிவு 18.6. பக்கத்தில் ‘4-க்குள் இருக்க வேண்டும்’ என்று. எண் மட்டும் தடித்த எழுத்தில். மகன் அதைக் கைபேசியில் போட்டுத் தேடினான். தேடியவன் முகம் மாறியது. அப்புறம் அவன் என்னோடு பேசிய குரலே வேறு.

சிறுநீரக அறுவை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டார். “அடைச்ச அன்னைக்கு, டியூபும் போட்ட பிறகு எடுத்தா ஏறித்தான் இருக்கும். ஆறு வாரம் போகட்டும், திரும்ப எடுப்போம்.” பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்று மட்டும் சுரப்பதல்ல. சுரப்பி பெருத்தாலும், கிருமி தொற்றினாலும், அடைப்பு ஏற்பட்டாலும், டியூப் போட்டாலும் ரத்தத்தில் அது கூடும். விந்து வெளியேறிய ஓரிரு நாளில் எடுத்தால்கூடச் சற்றே கூடலாம். இதை உங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

ஆறு வாரம் கழித்து 5.2. ஆசனவாய் வழியே விரலை விட்டுப் பார்த்தார். இதற்குப் பயந்தே பலர் மருத்துவரிடம் போவதில்லை. அரை நிமிடம்கூட ஆகாது. சுரப்பி வழுவழுப்பாக இருக்கிறது, கெட்டியான முடிச்சு கையில் படவில்லை என்றார். ஸ்கேனில் அளவு 72 மில்லி. 5.2-ஐ 72-ஆல் வகுத்து 0.07 என்று ஓரத்தில் எழுதினார். பெரிய சுரப்பி கூடுதலாகச் சுரக்கும், அதனால் அளவைக் கணக்கில் எடுத்துத்தான் எண்ணைப் பார்க்க வேண்டுமாம். 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்துகொள்ள எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், புற்றுச் சந்தேகத்துக்கான மதிப்பெண் ஐந்துக்கு 2 என்று வந்தது. 4, 5 வந்திருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்திருப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

எனக்குப் பிடித்த பரிசோதனை எதுவென்றால், காசு செலவில்லாத இரண்டு தாள்கள். ஒன்றில் சிறுநீர்த் தொந்தரவு பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. நான் 24. எட்டாவதாக, மொத்தத்தில் சேராத ஒரு கேள்வி: உங்கள் சிறுநீர் நிலை இப்போதிருப்பது போலவே மீதி வாழ்நாள் முழுவதும் இருந்தால் எப்படி உணர்வீர்கள்? பேனாவை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று மூன்று நாள் குறிப்பு. எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி. அளவுக் குவளையைக் குளியலறையில் வைத்து, பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து எழுதினேன். ஒரு நாள் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே வந்தால் புராஸ்டேட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இதயம், சிறுநீரகம், தூக்கத்தில் மூச்சடைப்பு இவற்றையும் பார்க்க வேண்டும். எனக்குக் கால்பங்குதான். குற்றவாளி சுரப்பியேதான்.

மாத்திரைகளில் முதலில் டாம்சுலோசின். அவசரப் பிரிவிலேயே தொடங்கி, சில நாளில் டியூபை எடுத்ததும் நீர் தானாகப் பிரிந்தது. சுரப்பியைச் சுருக்காது, சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையைத் தளர்த்தும், நாட்களிலேயே பலன் தெரியும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். விந்து வெளியே வராமல் போகலாம். கண்புரை அறுவை செய்யப் போகிறவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்மணி சுருங்கிக் கருவிழிப் படலம் தொளதொளத்துவிடும். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது டூடாஸ்டிரைடு. இதுதான் சுரப்பியைச் சுருக்குவது. ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். ஆசை குறைவது, விறைப்புக் குறைவது என்று சிலருக்குப் பக்கவிளைவு வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. இதுவும் இதே வகை மாத்திரையான ஃபினாஸ்டிரைடும் பி.எஸ்.ஏ.வை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். 2.6 என்று வந்தால் அது உண்மையில் 5.2. ரத்தம் கொடுக்கும் படிவத்தில் இந்த மாத்திரையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மாத்திரையில் ஒரு வருடம் ஓடியது. பிறகு நீரோட்ட வேகம் பார்த்தார்கள். முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வராந்தாவில் நாலைந்து பேர், யாரும் யாரையும் பார்க்காமல் காத்திருந்தோம். ஒரு புனல், அடியில் இயந்திரம். தனியே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே வந்த காகிதத்தில் மலை போல எழும்ப வேண்டிய கோடு, மண்மேடு போலத் தாழ்வாக நீண்டிருந்தது. வினாடிக்கு 7 மில்லி. 15-க்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் அடைப்பு. போன பிறகும் பையில் 240 மில்லி தேங்கி நின்றது. அடுத்த மாதமே இரண்டாம் முறை அடைத்தது. அறுவைக்குச் சம்மதித்தேன்.

டி.யு.ஆர்.பி. வெளியே வெட்டுக் காயம் கிடையாது. குழாய் வழியாகவே கருவியை விட்டு, அடைத்திருக்கும் திசுவைச் சீவல் சீவலாக எடுப்பது. முதுகில் ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, நினைவு இருந்தது. அதன்பின் டியூபில் ரோஜா நிறத்தில் நீர் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் டியூபை எடுத்தார்கள். சுரப்பி இன்னும் பெரிதாக இருந்தால் லேசரால் குடைந்தெடுக்கும் முறை வசதி என்றார் மருத்துவர். சீவல்களைப் பரிசோதித்ததில் புற்று இல்லை. ஆனால் வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது, எனவே அறுவை முடிந்தவரும் பி.எஸ்.ஏ.வை மறந்துவிடக் கூடாது. உடலுறவில் விந்து முன்னே வராமல் பைக்குள் போய்விடும். இதை அறுவைக்கு முன்பே சொன்னார், கேட்டுக்கொண்டேன். இப்போது இரவில் ஒரு தடவை எழுந்திருக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த அச்சுக்கோப்பாளர் நண்பர் ஒருவருக்கு நேர்மாறாக நடந்தது. நீர் நன்றாகப் போகும், எந்தத் தொந்தரவும் இல்லை. அண்ணனுக்கு இந்தப் புற்று வந்திருந்ததால் பரிசோதித்தார், இவருக்கும் இருந்தது. திசு முடிவில், புற்றின் கடுமையைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 6 என்று போட்டிருந்தது. பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கு மேல் முற்றிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நடைமுறையில் அந்த அளவுகோல் தொடங்குவதே 6-இல்தான், அதுவே மிக மிதமானது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் இப்போது 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். அவருடையது தரம் 1. வெட்டவில்லை, கதிர்வீச்சும் இல்லை. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி திசுப் பரிசோதனை என்று கண்காணிப்பில் இருக்கிறார். பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்று கண்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்துப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்த வழியில் போனாலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். முற்றியதும் எலும்புக்குப் பரவியதும் வேறு கதை. அங்கே ஹார்மோன் சிகிச்சை, கதிர்வீச்சு என்று தாமதமில்லாமல் இறங்க வேண்டும்.

ஒரு கட்டுரையில் இத்தனையும் கொள்ளாது, தெரியும். ‘புற்றாக மாறும்’ என்ற வரிக்கு மட்டுமாவது நாளைய பதிப்பில் திருத்தம் போடுங்கள். சிறுநீரில் ரத்தம், குளிர்காய்ச்சலோடு எரிச்சல், அடியோடு அடைப்பு: இந்த மூன்றுக்கும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும் என்பதை அதன் கீழே இரண்டு வரியில் சேர்த்தால் இன்னும் நல்லது.

கட்டுரையை வெட்டி இத்துடன் இணைத்திருக்கிறேன். ‘வீக்கம்’ பதினொரு இடத்தில் வருகிறது. ஏழை அடித்துப் ‘பெருக்கம்’ என்றும், இரண்டை அடித்துப் ‘புற்று’ என்றும் ஓரத்தில் குறித்திருக்கிறேன். இரண்டு அப்படியே இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், வயது 67