நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த பூஜ்ஜியம் பற்றிய கட்டுரையில், ஆரியபட்டர் அதைக் கண்டுபிடித்து உலகுக்கு வழங்கினார் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிற பக்கம் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரியபட்டீயத்தில் இடமதிப்பு உண்டு. ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தைப் போலப் பத்து மடங்கு என்கிறார் ஆரியபட்டர். ஆனால் எண்களை அவர் எழுத்துகளால்தான் குறித்தார். பூஜ்ஜியத்துக்கென்று ஒரு குறி அந்த நூலில் இல்லை. பூஜ்ஜியத்தையும் ஓர் எண்ணாகவே எடுத்துக்கொண்டு அதற்கு விதி எழுதியவர் பிரம்மகுப்தர், 628-இல். குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைத் தனம் என்றும் சொன்னார். கடனிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்தால் கடன். பூஜ்ஜியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம். எதைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். கணக்குப்பிள்ளைக்கும் புரிகிற பேச்சு. வகுத்தலில்தான் சறுக்கினார், 0-ஐ 0-ஆல் வகுத்தால் 0 என்று எழுதிவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஓர் எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வருவது முடிவிலி என்றார். எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அது மாறாது. உயிர்கள் தோன்றும்போதும் ஒடுங்கும்போதும் மாறாத அச்சுதனைப் போல என்று உவமையும் சொன்னார். இன்றைய கணிதம் அந்த வகுத்தலையே ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் கணக்கும் பக்தியும் ஒரே மூச்சில் வருகிற அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பௌத்த தத்துவ அறிஞர் நாகார்ஜுனரின் சூனியத்திலிருந்துதான் கணக்கின் பூஜ்ஜியம் பிறந்தது என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. எந்தப் பொருளுக்கும் தன்னளவில் நிற்கும் இயல்பு கிடையாது என்பது அவர் வாதம். ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன். மேலூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் கணக்கு எடுத்தவள் நான். சின்ன வகுப்பில் 'நூற்றைந்து எழுது' என்றால், பலகையில் 1005 என்று எழுதும் பிள்ளை வருஷா வருஷம் இருக்கும். முதலில் 100, ஒட்டினாற்போல் 5. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுகிறது, குட்டும் வாங்குகிறது. நம் முன்னோர் எழுதியதும் ஏறக்குறைய இப்படித்தான்: ௱௫. நூறுக்கு ஒரு குறி, பக்கத்தில் ஐந்து. இருநூற்றைந்து என்றால் ௨௱௫. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி இருந்ததால், காலியான இடத்தைக் காட்ட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. நிலமும் நெல்லும் கல்வெட்டிலும் ஓலையிலும் இந்தக் குறிகளில்தான் கணக்கேறின. கணினிகளுக்கான யூனிகோடு எழுத்துப் பட்டியலில் தமிழுக்கென்று ஒரு பூஜ்ஜியம் சேர்ந்தது 2005-இல்தான்.

இதைச் சொன்னால் 'அப்போ தமிழனுக்குப் பூஜ்ஜியம் தெரியாதா?' என்று சிலர் கோபப்படுகிறார்கள். வையையையும் பரங்குன்றத்தையும் பாடுகிற பரிபாடலில், திருமாலைப் போற்றும் ஒரு பாட்டு 'பாழ் என, கால் என, பாகு என, ஒன்று என' என்று எண்ணிக்கொண்டே போகிறது. ஒன்றுக்கு முன்னால் பாதி, அதற்கு முன்னால் கால், அதற்கும் முன்னால் பாழ்! சாமியைப் பாடுகிற பாட்டு அது. பூஜ்ஜியக் குறி இருந்ததற்கு அதைச் சான்றாக்க முடியாது. ஆனால் ஒன்றுக்குக் கீழேயும் எண்ணிப் பார்த்த மனம் இங்கே இருந்திருக்கிறது.

கீழக்குயில்குடி சமணர்மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் தீர்த்தங்கரர் சிற்பங்களோடு நின்றுவிடாமல் லோகவிபாகம் பற்றியும் சொல்லலாம். காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்டபோது, சக ஆண்டு 380-இல், அதாவது 458-இல், பாடலிகை என்ற ஊரில் எழுதப்பட்டதாகத் தன்னைப் பற்றிச் சொல்லும் சமண நூல் அது. அந்த ஊர் கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் என்பது அறிஞர்கள் கருத்து. இன்று கிடைப்பது பிற்கால வடமொழி வடிவம். அதில் பெரிய பெரிய எண்கள் சூனியம் உட்பட இடமதிப்பு வரிசையில் சொற்களாக வருகின்றன. கம்போடியாவின் சம்போர்க் கல்வெட்டில் புள்ளியாகப் பூஜ்ஜியம் இருப்பது 683-இல், குவாலியர்க் கோயிலில் 876-இல். ஆரியபட்டருக்கும் முந்தைய தேதி சொல்லும் நூல் ஒன்று தமிழ்நாட்டோடு தொடர்புடையதாக இருக்க, மதுரையில் விற்கிற பத்திரிகை அதைத் தொடாமல் விட்டது எனக்கு வருத்தம்.

மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஆரியபட்டரை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு பெயரை வைப்பதோடு அது முடிந்துவிட வேண்டாம். பிரம்மகுப்தரின் விதிகளை எளிய தமிழில் கொடுங்கள். 0 ÷ 0 பற்றி அவர் சொன்னது ஏன் நிற்கவில்லை என்பதையும் சேருங்கள். அப்புறம் ௱௫, 105 இரண்டையும் அருகருகே அச்சிட்டு, நடுவில் இருக்கும் 0 என்ன வேலை செய்கிறது என்று பிள்ளைகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வருகிற பதில்களைத் திருத்தாமல் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்.