‘ஆளில்லாத’ என்கிற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான சாகச நாவல்கள் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க மேற்கின் கதைகளைத் தமிழில் யார் பேசினாலும் எனக்குச் சந்தோஷம்தான். முத்து காமிக்ஸும் அப்புறம் லயனும் படித்து வளர்ந்த கூட்டம் நாங்கள். தென்காசிக்கு அப்பால் உலகம் எப்படி இருக்கும் என்று தெரியாத வயதிலேயே காமிக்ஸ் கௌபாய் டெக்ஸ் வில்லரின் குதிரைக்குப் பின்னால் பாலைவனம் எல்லாம் சுற்றியாகிவிட்டது.

ஆனால் கட்டுரையில் ஒரு சொல் உறுத்துகிறது. லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி’ நாவலை, ‘ஆளில்லாத புல்வெளியில் வீடு கட்டிக் குடியேறும் குடும்பத்தின் கதை’ என்று உங்கள் கட்டுரையாளர் சொல்கிறார். இந்த ‘ஆளில்லாத’ என்ற சொல்லுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1935இல் அந்த நாவல் வெளிவந்தபோது அதன் தொடக்கத்திலேயே, அங்கே மனிதர்கள் இல்லை, இந்தியர்கள் (அமெரிக்கப் பழங்குடிகளை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்) மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. பதினேழு வருஷம் அதை யாரும் திருத்தவில்லை. 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி, இந்தியர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். பதிப்பாசிரியர் அதை லாராவுக்குத் தெரிவித்தார். அப்போது அந்த அம்மாவுக்கு 85 வயது. தப்பு தன்னுடையதுதான் என்று மழுப்பாமல் ஒத்துக்கொண்டார். 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ இருந்த இடத்தில் ‘குடியேறியவர்கள்’ வந்தது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் என்னைக் கேலி செய்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

அந்தப் புல்வெளி உண்மையில் யாருடையது? கான்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் 1869இல் வீடு கட்டிய இடம் ஒசேஜ் என்ற பழங்குடி மக்களுக்கென்று ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டிருந்த நிலம். 1862ஆம் வருஷத்து ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் எழுதி வாங்கி ஐந்து வருஷம் குடியிருந்தால் நிலம் சொந்தம் என்பது நாம் கேள்விப்பட்டதுதான். ஆனால் ஒசேஜ் நிலம் அந்தச் சட்டத்துக்குத் திறந்துவிடப்பட்டிருக்கவில்லை. பச்சையாகச் சொன்னால் அது புறம்போக்குகூட இல்லை, அடுத்தவர் பட்டா. எருமை வேட்டைக்காக ஒசேஜ் குடும்பங்கள் வருஷத்தில் பல மாதம் மேற்கே போய்விடும். அந்த நேரத்தில் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஊர் காலியாகத்தான் தெரியும். 1870இல் ஒசேஜ் மக்கள் தெற்கே, இப்போதைய ஓக்லஹோமாவுக்குப் போக ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் இங்கல்ஸ் குடும்பமும் அங்கிருந்து கிளம்பிவிட்டது. இரண்டு வயதில் போய் நான்கு வயதில் திரும்பிய லாராவுக்கு இதெல்லாம் எவ்வளவு நினைவிருந்திருக்கும்? நாவலில் வரும் லாரா அதைவிடப் பெரிய பெண். அதனால் இதை அப்படியே டைரிக் குறிப்பு போல நினைத்துப் படிக்கக் கூடாது.

அப்படியானால் பிள்ளைகளுக்கு இந்த நாவலே வேண்டாம் என்று சொல்கிறேனா என்றால், இல்லை. போன கோடையில் என் பதினொரு வயதுப் பேத்தியோடு சேர்ந்து படித்தேன். அவள் ஆங்கிலத்தில் வாசிப்பாள், நான் நடுநடுவே தமிழில் சொல்வேன். லாராவின் அப்பா இரண்டு பெண்களையும் காலி செய்த ஓர் இந்திய முகாமுக்குக் கூட்டிப்போகும் இடம் ஒன்று வரும். கூடாரக் கம்பு நட்ட குழி, அடுப்புச் சாம்பல், தரையில் மண்ணோடு கலந்து கிடக்கும் நீலமும் சிவப்பும் வெள்ளையுமான பாசிமணிகள். பிள்ளைகள் இரண்டும் அதைப் பொறுக்கிப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிகின்றன. அப்பா கால்தடத்தைப் பார்த்தே அங்கே நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறார். எவ்வளவு நன்றாக எழுதப்பட்ட அத்தியாயம்! பேத்தி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “அந்தப் பாசியெல்லாம் யாரோட மாலை தாத்தா? அவங்க திரும்பி வந்து தேடமாட்டாங்களா?” அந்தக் கேள்வி நாவலுக்குள் யாருக்கும் வரவில்லை. அவளுக்கு வந்தது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, ‘சரி, வா, யாருடையது என்று பார்ப்போம்’ என்று சொன்னால் போதும், புத்தகம் இரண்டு மடங்காகிவிடுகிறது.

லாராவின் இந்த வரிசையில் வேறொரு நாவலும் எங்களைப் படுத்தி எடுத்தது. 1880–81 குளிர்காலத்தில் டகோட்டாவின் டி ஸ்மெட் ஊரில் பனிப்புயல் மேல் புயலாக அடித்து ரயிலே வராமல் போன கதை, ‘த லாங் விண்டர்’. நிலக்கரி தீர்ந்துபோய் வைக்கோலை முறுக்கிக் கட்டையாக்கி எரிக்கிறார்கள். காபி அரைக்கிற மிஷினில் கோதுமையை அரைத்து ரொட்டி. எங்கள் பக்கம் கட்டுக் கட்ட வைக்கோல்பிரி திரிப்பதுண்டு. அதே கைப்பழக்கத்தில் நானும் அவளும் கொல்லையில் உட்கார்ந்து பத்துப் பிரி திரித்து, வெந்நீர் அடுப்பில் போட்டோம். நம்முடையது நெல்லு வைக்கோல், அவர்களுடையது புல்வெளிப் புல், வித்தியாசம் இருக்கலாம். எங்கள் பத்தும் தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் சாம்பல். உள்ளங்கை எரிகிறது என்று அவள் கையைக் காட்டினாள். மாதக்கணக்கில் இப்படித் திரித்தார்களாம் என்றேன். பதிலே இல்லை.

அதே நாவலில், இந்தக் குளிர் ஏழு மாதம் நீடிக்கும் என்று கடையில் வந்து எச்சரித்துவிட்டுப் போகிறவர் ஒரு வயதான இந்தியர். எல்லோரையும் முன்கூட்டி உஷார்ப்படுத்திய அவருடைய வாயில் ஆசிரியர் வைப்பது கொச்சை ஆங்கிலம். தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் அவரை மழலை பேசவைக்காமல் இருக்க வேண்டும் என்று இப்போதே விண்ணப்பம் போட்டுவைக்கிறேன்.

லாராவின் பெயரில் இருந்த குழந்தை இலக்கிய விருதுக்கு 2018இல் அமெரிக்க நூலகர்கள் வேறு பெயர் வைத்ததைக் கட்டுரையாளர் ஒரே வரியில், கொஞ்சம் சலிப்போடு சொல்லிக் கடந்துவிட்டார். விருதுக்கு என்ன பெயர் என்பது அவர்கள் பாடு. நமக்கு வேண்டியது இன்னொரு புத்தகம். லூயிஸ் எர்ட்ரிக் 1999இல் எழுதிய ‘த பர்ச்பார்க் ஹவுஸ்’ கட்டுரையாளரின் பட்டியலில் இல்லாதது எனக்குப் பெரிய குறை. எர்ட்ரிக் ஓஜிப்வே என்ற பழங்குடி வழியில் வந்தவர். 1847இல் சுப்பீரியர் ஏரித் தீவு ஒன்றில் நடக்கும் கதை, நாயகி ஒமாகயாஸ் என்ற ஏழு வயதுப் பெண். தோல் சுரண்டிப் பதப்படுத்தும் வேலை அவளுக்கு அடியோடு பிடிக்காது. கத்தரிக்கோல் வாங்கி வரப்போன வழியில் கரடிக் குட்டிகளோடு விளையாடித் தாய்க்கரடியிடம் மாட்டிக்கொள்வாள். காக்கை ஒன்றைச் சொந்தமாக வளர்ப்பாள். குளிர்காலத்தில் வெளியாள் ஒருவர் மூலம் பெரியம்மை வந்து வீட்டைச் சூறையாடும். அந்த அத்தியாயத்தில் பேத்தி அழுதாள், நானும்தான். கட்டுரையாளர் தேடும் வேட்டை, பனி, பசி, துணிச்சல் எல்லாம் இதிலும் இருக்கிறது. வண்டியில் வந்து இறங்கியவர்கள் பக்கமிருந்து சொல்லாமல், ஏற்கெனவே வீடும் வாசலுமாக இருந்தவர்கள் பக்கமிருந்து சொல்கிறது, அவ்வளவுதான்.

பதிப்பகங்களிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இப்படிப்பட்ட நாவலைத் தமிழில் போட்டால் முன்பக்கம் ஒரு வரைபடம் கொடுங்கள், யார் நிலத்தில் யார் வீடு என்று தெரிகிற மாதிரி. பெரிய செலவு ஆகாது. நீண்ட முன்னுரை வேண்டாம், பிள்ளைகள் அதைப் படிக்கமாட்டார்கள். நானே படித்ததில்லை.

கட்டுரை புத்தகமாக வருவதாக அறிவிப்பில் பார்த்தேன். அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். ‘ஆளில்லாத’ என்பதை எடுத்துவிட்டு ‘ஒசேஜ் மக்களின்’ என்று போட்டால் வரி கெட்டுப்போகாது. வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
தென்காசி